சின்ன முப்பது, பெரிய முப்பது

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் தோல்பை தைக்கும் கார்கானா வைத்திருந்த ஜெயினுலாப்தீனுக்கு, வியாபாரம் ஓகோவென்று நடக்கத் தொடங்கிய வருஷத்தில்தான் கையில் காசு இல்லாமல் போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பை விற்றால் பணம் வரும், நிறைய விற்றால் நிறைய வரும் என்பதைச் சந்து முழுவதும் நம்பியது. ஜெயினுலாப்தீனும் சந்தோடு சேர்ந்து நம்பினார்.

அதற்கு முன்பு அவர் மொத்த வியாபாரிகளுக்குத்தான் பை கொடுத்துவந்தார். அந்த வியாபாரத்துக்குக் கணக்கு தேவையில்லை, தொண்டை போதும். வியாபாரி அறுநூறு என்பான். இவர் எண்ணூறு என்பார். அவன் எழுந்து நிற்பான், இவர் பையைப் பிடுங்கி உள்ளே வைப்பார், அவன் சந்து முனைவரை போய்த் திரும்பி வருவான், எழுநூறில் முடியும். ஒரு பைக்குத் தோல், லைனிங் துணி, ஜிப், பக்கிள், வெட்டுக்கூலி, தையல்கூலி எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது ஆகும். மீதி ஐம்பது அவருக்கு. இந்த ஐம்பதை வைத்து ஒரு மகளைக் கட்டிக்கொடுத்து, ஒரு மாடியும் ஏற்றிவிட்டார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதற்கு அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. இயற்கணிதம் என்ற பாடம் வந்த வருஷம் அது. எண்களுக்கு நடுவே எழுத்துகள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும், இது மரியாதையான குடும்பத்துக்கு ஆகாது என்று வெளியே வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்.

அவருடைய மனைவி நூர் நிஷாவின் தம்பி காலித் அப்படி வெளியே வந்தவனல்ல. கடைசிவரை உள்ளே இருந்து எம்.பி.ஏ. முடித்து, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, முலுண்டில் பிளாட் வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். கறி தீரும்வரை தின்பான். தீர்ந்த பிறகு வளர்ச்சியைப் பற்றிப் பேசுவான்.

“மச்சான், நீங்க தாராவில உக்காந்துக்கிட்டு தாராவிக்காரனுக்கே விக்கீங்க. இப்படியே இருந்தா எப்ப பிராண்ட் ஆவுறது?” என்றான் ஒரு ஞாயிறு.

“பிராண்ட் ஆனா என்னடே கிடைக்கும்?”

“மரியாதை கிடைக்கும். விலையை அவன் சொல்ல மாட்டான், நீங்க சொல்லுவீங்க.”

இந்த இரண்டாவது வாக்கியம் ஜெயினுலாப்தீனுக்குப் பிடித்துவிட்டது. முலுண்டில் ஒரு மாலில் கைவினைப் பொருள்கள் விற்கும் கடை இருப்பதாகவும், அவர்கள் பையை வாங்கமாட்டார்கள், வைத்து விற்றுத் தருவார்கள் என்றும், விற்ற விலையில் முப்பது பர்சென்ட் எடுத்துக்கொண்டு மீதியை பேங்கில் போட்டுவிடுவார்கள் என்றும் காலித் விளக்கினான்.

“முப்பதா?” என்றார் ஜெயினுலாப்தீன். “எனக்கு ஒரு பைக்கு நிக்கிறதே அம்பது ரூவா. எங்கருந்து எடுத்து முப்பது பர்சென்ட் குடுக்க?”

காலித் சிரித்தான். படித்தவர்கள் படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் பொறுமையான சிரிப்பு. லேப்டாப்பைத் திறந்தான். அதில் எதையும் தட்டவில்லை, திறந்து வைத்துக்கொண்டு பேசினான்.

“உங்களுக்கு ஆகுற செலவு அறுநூத்தம்பது. லாபம் அம்பது. ஆக, கைக்கு எழுநூறு வரணும். கடைக்காரனுக்கு முப்பது பர்சென்ட். எழுநூறுல முப்பது பர்சென்ட் எவ்வளவு? இருநூத்திப் பத்து. அதைத் தூக்கி மேல போடுங்க. தொள்ளாயிரத்துப் பத்து. அவன் முப்பதை அவன் எடுத்துக்கிட்டுப் போகட்டும். உங்க எழுநூறு அப்படியே பத்திரமா இருக்கும். கமிஷன் குடுக்கப்போறது கஸ்டமர், நீங்க இல்ல.”

ஜெயினுலாப்தீனுக்கு இது அல்வாத் துண்டு மாதிரி உள்ளே இறங்கியது. முப்பது போட்டோம், முப்பது எடுக்கிறான். இதில் குழப்பமே இல்லை. நூர் நிஷா, “எம் தம்பி சொன்னா சரியா இருக்கும்” என்று சொல்லி, அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பைகள் முலுண்டுக்குப் போயின. பறந்தன என்றே சொல்லலாம். அதே கடையில் மற்றவர்களுடைய தோல்பைகள் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு என்று தொங்கிக்கொண்டிருக்க, ஜெயினுலாப்தீனின் பை மட்டும் தொள்ளாயிரத்துப் பத்துக்குத் தொங்கினால் பறக்காமல் என்ன செய்யும்? கடையிலிருந்து கூடுதலாகக் கேட்டார்கள். மொத்த வியாபாரிகள் வந்தபோது, “இப்ப டைம் இல்ல” என்று திருப்பி அனுப்பினார். அந்த மூன்று சொற்களை உச்சரிக்க அவர் எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்டிருந்தார். இரண்டு தையல் மெஷின் புதிதாக வாங்கினார். தாணேயில் ஒரு தமிழ்ச் சங்கம் அவரைக் கூப்பிட்டு, ‘தொழில் சுடர்’ என்று ஒரு பட்டமும் சால்வையும் கொடுத்தது. விழாவில் காலித் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசினான்.

இத்தனை சிறப்புக்கும் நடுவில் தோல் வாங்கப் பணம் குறைய ஆரம்பித்தது. முதலில் அது புது மெஷின்களால் என்று நினைத்தார். பிறகு பண்டிகைச் செலவு என்று நினைத்தார். பிறகு நினைப்பதற்கு எதுவும் மிச்சமில்லாமல் நூர் நிஷாவிடம் போய் நின்றார். அவள் வாஷிங் மெஷினுக்காகச் சீட்டுக் கட்டி வைத்திருந்த பணத்தைக் கேட்டார்.

“இவ்வளவு பை விக்கீங்களே, தோலு வாங்க என் சீட்டுப் பணம் எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள்.

அந்த வீட்டில் அந்த வருஷம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. ஜெயினுலாப்தீன், “பெரிய தந்தா, பெரிய யாவாரம்னா அப்படித்தான் இருக்கும். உனக்குப் புரியாது” என்று பதில் சொன்னார். காலித்தைக் கேட்டதற்கு, “வால்யூம் பத்தல மச்சான். இன்னும் நிறைய பை அனுப்புங்க, எல்லாம் சரியாயிடும்” என்றான். நிறைய அனுப்பினார். இன்னும் வேகமாகப் பணம் கரைந்தது.

பணம் போகிறதென்றால் யாரோ எடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஜெயினுலாப்தீன் அந்த ‘யாரோ’வைத் தேட ஆரம்பித்தார். முலுண்டுக்காரர்கள் மாலில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், அவர்களைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. காலித் சொந்தம், அதிலும் படித்தவன். கடைசியில் அவர் கண் போய் நின்றது இசக்கிதுரைமேல்.

இசக்கிதுரை அந்தக் கார்கானாவில் தோல் வெட்டுகிறவன். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு. பதினெட்டு வயதில் வந்தவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வெட்டி மிஞ்சும் துண்டுத் தோலைச் சாயங்காலம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவான், அவன் மனைவி அதில் சாவிக்கொத்து தைத்து விற்பாள். அந்த உரிமையை ஜெயினுலாப்தீன்தான் எப்போதோ கொடுத்திருந்தார். கொடுத்தவருக்கே அது இப்போது திருட்டாகத் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் எல்லாத் தையல்காரர்களும் பார்க்க, “அந்தப் பையைக் கொஞ்சம் கவுத்து” என்றார்.

இசக்கிதுரை அவரைப் பார்த்தான். “எதுக்கு பாய்?”

“தோலு எங்க போவுதுன்னு பாக்கணும். வாங்குற தோலு வாங்கிக்கிட்டே இருக்கேன், காசு மட்டும் நிக்க மாட்டேங்குது. கவுத்துடே.”

இசக்கிதுரை பையைக் கவிழ்த்தான். உள்ளங்கை அகலத் துண்டுகள் தரையில் விழுந்தன. அவற்றை வைத்து ஒரு குழந்தைக்குச் செருப்புகூடத் தைக்க முடியாது. அவன் தன் வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டான். துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அடுத்த சந்தில் பெல்ட் தைக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

திருடனை விரட்டியாகிவிட்டது, இனி காசு நிற்கும் என்று ஜெயினுலாப்தீன் காத்திருந்தார். புதிதாக வந்த வெட்டுக்காரன் ஒரு முழுத் தோலில் எட்டுப் பைக்கு வெட்ட வேண்டிய இடத்தில் ஆறு பைக்கு வெட்டினான். இப்போது தோல் நிஜமாகவே காணாமல் போனது. அதற்கு யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, கண்முன்னே குப்பையில் கிடந்தது.

திருடன் போயும் காசு நிற்காததால், கடைசியில் மாலின் ஏசியையும் சந்தேகிக்க வேண்டியதாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை சயானில் ரயிலேறி முலுண்டில் இறங்கி, ‘தொழில் சுடர்’ சண்டைக்குப் போனார்.

கடையின் மேனேஜர் ஆனி. செம்பூரில் பிறந்து வளர்ந்த நாகர்கோவில் குடும்பத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், பி.காம். படித்தவள். தன் பணம் எங்கே போகிறது என்று ஜெயினுலாப்தீன் இந்தியில் தொடங்கினார்.

“க்யா சல் ரஹா ஹை மேடம்? மேரா பைசா கிதர் ஜாதா ஹை?”

“தமிழ்லயே திட்டுங்க பாய், எனக்குப் புரியும்” என்றாள் ஆனி. “உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

தமிழில் திட்டச் சொன்னதும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு, “ஒரு பைக்கு எனக்கு எவ்வளவு போடுறீங்க?” என்று கேட்டார்.

“தொள்ளாயிரத்துப் பத்துல முப்பது பர்சென்ட் போக, அறுநூத்தி முப்பத்தேழு.”

ஜெயினுலாப்தீன் வெற்றியோடு மேசையைத் தட்டினார். “பாத்தீங்களா! எழுநூறு வரணும். அறுபத்து மூணு ரூவா எங்க? சொல்லுங்க, எவன் எடுக்கான்?”

“எழுநூறு எப்படி வரும்?”

“எழுநூறுக்கு மேல முப்பது பர்சென்ட் நாங்க போட்டோம். நீங்க முப்பது பர்சென்ட் எடுக்கீங்க. போட்ட முப்பதும் எடுத்த முப்பதும் ஒண்ணுதானே!”

வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனி குரலை உயர்த்தவில்லை. “பாய், உங்க முப்பது எழுநூறுல போட்ட முப்பது. எங்க முப்பது தொள்ளாயிரத்துப் பத்துல எடுக்கிற முப்பது. உங்களுது சின்ன முப்பது, எங்களுது பெரிய முப்பது.”

“அதெப்படி உங்க முப்பது மட்டும் பெரிசா இருக்கும்? மால்ல இருக்குங்கிறதுனாலயா?”

ஆனி பழைய பில் ஒன்றைத் திருப்பிப் போட்டு அறுநூற்று முப்பத்தேழு என்று எழுதினாள். “விலை எவ்வளவு வைக்கணும்னு நமக்குத் தெரியல. தெரியாததுக்கு ஒரு பேர் வைப்போம். எக்ஸ்.”

“அது வேண்டாம்” என்றார் ஜெயினுலாப்தீன் உடனே. எட்டாவதில் விட்டுவிட்டு வந்த எழுத்து, முலுண்ட் மாலில் காத்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“சரி, ‘விலை’ன்னே வைப்போம். பை விலைக்கு வித்தாச்சு. அந்த விலையை பத்துப் பங்காப் போடுங்க. மூணு பங்கு எங்களுக்கு. உங்களுக்கு எத்தனை?”

“ஏழு.”

“அந்த ஏழு பங்கு எவ்வளவா இருக்கணும்னு கேக்குறீங்க?”

“எழுநூறு.”

“அப்ப ஒரு பங்கு?”

ஜெயினுலாப்தீன் விரல்களை மடக்கினார். “நூறு” என்றார் மெதுவாக.

“பத்துப் பங்கு?”

“ஆயிரம்” என்றார். பில்லின் பின்பக்கத்தில் ஆனி எழுதியிருந்த அறுநூற்று முப்பத்தேழையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய செலவு அறுநூற்றைம்பது. அதை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒவ்வொரு பைக்கும் பதிமூன்று ரூபாயைக் கையிலிருந்து போட்டு முலுண்ட் ஜனங்களுக்குத் தோல்பை சப்ளை செய்திருக்கிறார். நிறைய வேண்டும் என்று கேட்டபோது, நிறையப் போட்டிருக்கிறார். அதற்காக ஒரு சால்வையும் வாங்கியிருக்கிறார்.

“இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க தங்கச்சி? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“உங்க செலவு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும் பாய்? விலை ரொம்பக் கம்மியா இருக்கேன்னு ஒருதரம் உங்க மச்சினனுக்கு மெயில் போட்டேன். ‘இது எங்க ஸ்ட்ராட்டஜி, உங்களுக்குப் புரியாது’ன்னு பதில் வந்துச்சு. பெரிய கம்பெனி போல, ஏதோ பிளான் இருக்குன்னு நினைச்சிட்டேன்.”

அன்று அவர் ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். முலுண்டிலிருந்து சயான்வரை பதிமூன்று ரூபாயை அவர் நினைக்கவில்லை. தரையில் விழுந்த உள்ளங்கை அகலத் துண்டுகளைத்தான் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலித் வந்தான். ஜெயினுலாப்தீன் பத்துப் பங்குக் கதையைச் சொல்லி முடித்தார். காலித் லேப்டாப்பைத் திறந்தான், முதல்தடவையாக அதில் எதையோ தட்டினான், நெடுநேரம் பார்த்தான்.

“மச்சான், இது கணக்குத் தப்பு இல்ல” என்றான். “மார்க்கெட்டுக்குள்ள நுழையறதுக்கு நாம செஞ்ச முதலீடு.”

“யாரு காசுல?” என்று கேட்டாள் நூர் நிஷா.

“லாத்தா,” என்று அக்கா பக்கம் திரும்பினான். “ஸ்டார்ட்டப்புன்னா முதல்ல நஷ்டத்துலதான் ஓடும். பெரிய பெரிய கம்பெனியெல்லாம்…”

“அந்தக் கம்பெனிக்காரன் பொண்டாட்டியெல்லாம் கையால துணி துவைக்காளா?”

அன்று கறி தீர்ந்த பிறகு வளர்ச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. கறியே சீக்கிரம் தீர்ந்ததாக அறிவிக்கப்பட்டது.

மறுநாள் காலை ஜெயினுலாப்தீன் லேபர் கேம்ப்புக்கு நடந்தே போனார். இசக்கிதுரை வீட்டுவாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் வாய் கொப்பளித்துத் துப்பினான்.

“வாங்க பாய்.”

“இசக்கி, தப்பு கணக்குல இருந்துச்சுடே. உன்கிட்ட இல்ல. பர்சென்ட்ல ஒரு சின்னக் குழப்பம். விலையைப் பத்தால வகுத்து…”

“கணக்கு என்னையத் திருடன்னு சொல்லல பாய்” என்றான் இசக்கிதுரை. “நீங்கதான் சொன்னீங்க.”

எழுநூறை ஏழால் வகுக்க வந்த அந்த நிதானம் இப்போது ஜெயினுலாப்தீனுக்கு வரவில்லை. வாசலில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகினார். உள்ளே இருந்து இசக்கிதுரையின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். டீ வரவில்லை. இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டில் அவருக்கு டீ வராமல் போனது அன்றுதான்.

“நான் சொன்னது தப்பு” என்றார் கடைசியில். “என்ன செய்யணும் சொல்லு.”

“இங்க வந்து சொன்னா யாருக்குத் தெரியும்? அன்னைக்கு எத்தனை பேரு பாத்தாங்களோ, அத்தனை பேரும் இருக்கும்போது சொல்லுங்க. நான் வாரேன், வந்து கேக்கேன். பொறவு வேலைக்கு வரணுமா வேண்டாமான்னு நான் யோசிக்கேன்.”

சொன்னார். மத்தியானம் எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, கார்கானா நடுவில் நின்று சொன்னார். மொத்த வியாபாரிகளிடம் சந்து அதிரப் பேசிய தொண்டை அன்று ஒத்துழைக்கவில்லை. பின்வரிசைத் தையல்காரர் ஒருவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, “க்யா போலா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். ஜெயினுலாப்தீன் இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. “இசக்கிதுரை எடுக்கல. எனக்குத்தான் கணக்குத் தெரியல.”

இசக்கிதுரை இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் வந்தான், ஒரு பைக்கு இருபது ரூபாய் வெட்டுக்கூலி கூட்டிக் கேட்டான். பெல்ட்காரன் அவ்வளவு தருகிறான் என்றான். தருகிறானோ இல்லையோ, ஜெயினுலாப்தீன் விசாரிக்கவில்லை. ஒரு துண்டு அட்டையை எடுத்துத் தானே கணக்குப் போட்டார். செலவு அறுநூற்று எழுபது, லாபம் ஐம்பது, எழுநூற்று இருபது. அது ஏழு பங்கு. ஒரு பங்கு நூற்று இரண்டு சொச்சம். பத்துப் பங்கு ஆயிரத்து இருபத்தெட்டு சொச்சம். ஆயிரத்து முப்பது என்று வட்டமிட்டார். சந்தேகத்துக்குத் திரும்பவும் பெரிய முப்பதைக் கழித்துப் பார்த்தார். எழுநூற்று இருபத்தொன்று வந்தது. அந்த ஒரு ரூபாய் அவருக்குச் சால்வையைவிடச் சந்தோஷமாக இருந்தது.

ஆயிரத்து முப்பதுக்குப் பைகள் பறக்கவில்லை. நடந்தன. முலுண்டில் பழைய விலைக்குக் கேட்டுச் சிலர் முகம் சுளித்துப் போனதாக ஆனி போனில் சொன்னாள். முன்பு விற்றதில் பாதிதான் இப்போது விற்றது. காலித் கவலையோடு, “டிமாண்ட் விழுந்துடுச்சு மச்சான், தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு வச்சா சைக்காலஜிக்கலா…” என்று ஆரம்பித்தான். ஜெயினுலாப்தீன் அட்டையையும் பேனாவையும் அவன் பக்கம் நகர்த்தினார். “அதுல முப்பது பர்சென்ட் போக நமக்கு என்ன நிக்கும், செலவு போக என்ன மிஞ்சும்னு போட்டுச் சொல்லு மாப்ள, வச்சிருவோம்.” காலித்துக்கு அன்று ஆபீசில் அவசர வேலை வந்துவிட்டது.

திருப்பி அனுப்பிய மொத்த வியாபாரிகளை ஜெயினுலாப்தீன் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துப் பாதிப் பைகளை அவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு பேர் பழிவாங்குவதுபோல் “இப்ப டைம் இல்ல பாய்” என்றார்கள், ஒரு வாரம் கழித்து அவர்களே வந்தார்கள். புது மெஷின்களில் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கார்கானா அடங்கிவிடும். இசக்கிதுரை துண்டுத் தோலை வாசலில் எல்லோரும் பார்க்கக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் எடுத்துப்போவான். “வேண்டாம்டே” என்று ஜெயினுலாப்தீன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவன் நிறுத்தவில்லை.

வியாபாரம் படுத்துவிட்டது என்று சந்து முழுக்கப் பேச்சானது. தொழுகை முடிந்து வரும்போது ஒருவர் தோளில் கைவைத்து, “கவலப்படாதீங்க பாய், ஏத்தம் இறக்கம் எல்லார்க்கும் உண்டு” என்று ஆறுதல் சொன்னார். தாணே சங்கத்திலிருந்து அடுத்த வருஷ விழாவுக்கு அழைப்பு வரவில்லை. எதிர்க் கடைக்காரர் ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி, வட்டிக்குப் பணம் ஏதும் வேண்டுமா, தனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது என்றார்.

“வேண்டாங்க, காசு இருக்கு” என்றார் ஜெயினுலாப்தீன்.

எதிர்க் கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். மானஸ்தன், கஷ்டத்தை வெளியே சொல்லமாட்டான் என்று அன்றே நாலு பேரிடம் சொல்லியும்விட்டார்.